கூப்பிட்டும் திரும்பாத நாய்க்குட்டி

"பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. சரியான திமிர் பிடித்த நாய்!"

இப்படிச் சொல்லிக் குட்டியை அடிப்பவர்கள் உண்டு. பாவம், அதன் காதில் துவாரமே இல்லாமல் இருக்கலாம்.

எல்லா நாய்க்குட்டிகளும் காது மூடித்தான் பிறக்கின்றன. சுமார் இரண்டு வாரத்தில் திறந்து கொள்ளும். அபூர்வமாகச் சில குட்டிகளுக்குத் துவாரம் திறப்பதே இல்லை. அல்லது காதுக்குழாய் பாதி வழியில் நின்று விடுகிறது. காது மடல் நன்றாக இருப்பதால் வெளியே தெரியாது. ஒரு காதில் மட்டும் கோளாறு என்றால், மறு காதை வைத்துக் குட்டி சமாளித்து விடும்.

சேரும் அழுக்கு

நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்பிச் செவிப்பறைக்குப் போகிறது. மூடிய குழாயிலும் குறும்பி சுரக்கும், தோல் உதிரும். வெளியேற வழியில்லாமல் அவை தேங்கி, நடுக்காதும் கெடும். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பது, வாய் திறக்கும்போது வலியால் கத்துவது, காதின் அடியில் வீங்கிச் சீழ் வைப்பது ஆகியவை தெரிந்தால் தாமதம் கூடாது.

எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். வழியே இல்லாத இடத்தில் எண்ணெய் எங்கே போகும்? குச்சியால் குடையவும் வேண்டாம்.

டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால் குழாய் எங்கே முடிகிறது என்று தெரியும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும். ஒலி எழுப்பி, மூளைக்குச் செல்லும் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனையும் உண்டு. டால்மேஷன், ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் காணும் பிறவிச் செவிடு உள்காதுக் கோளாறு. அதை ஆபரேஷனால் மாற்ற முடியாது.

ஆபரேஷன்

உள்குழாய் நன்றாக இருந்தால், அதை வெளித்தோலுடன் இணைத்துத் தைத்து வழி உண்டாக்குவார்கள். கேட்கும் சக்தி வர வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வழி மறுபடி சுருங்கவும் கூடும். சீழ் பிடித்துக் கெட்டிருந்தால் குழாயையே அகற்றி, நடுக்காதைச் சுத்தம் செய்ய வேண்டும். வலி தீரும்; அந்தக் காதில் கேட்கும் சக்தியை எதிர்பார்க்க முடியாது. முக நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால், இமை மூடாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. செலவும் அதிகம். தொந்தரவு இல்லாத குட்டியை, டாக்டர் சம்மதித்தால், ஆபரேஷன் இன்றிக் கவனித்து வரலாம்.

பெங்களூர்வாசிகள் ஹெப்பாளில் 1958-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

வீட்டிலேயே முதல் சோதனை செய்யலாம். குட்டி தூங்கும்போது, சற்றுத் தள்ளி, அதன் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையை உதைக்காதீர்கள். அதிர்வு தெரிந்தால் செவிட்டு நாயும் விழித்துக் கொள்ளும்.