உயிரி வங்கியும் வகுப்பறைக் கேள்வியும்

மெண்டலின் பட்டாணிச் செடியை நடத்தி முடித்ததும் பத்தாம் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பதுண்டு: “எங்கப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு சார். எனக்கும் வருமா?” 3:1 விகிதம் இங்கே உதவாது. பட்டாணியின் நெட்டை, குட்டையை ஒரே மரபணு தீர்மானிக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவிலோ நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகளுக்குத் துளித்துளியாகப் பங்குண்டு. உணவும் உடலுழைப்பும் அதனுடன் சேர்கின்றன. “வாய்ப்பு கூடுதல்தான், ஆனால் வந்தே தீரும் என்றில்லை” என்றே நான் விடை சொல்கிறேன்.

துளியளவு பங்கைக் கண்டறிய நூறு பேர் போதாது, இலட்சக்கணக்கானோர் வேண்டும். அதற்காகவே உயிரி வங்கிகள் பெரிதாக அமைக்கப்படுகின்றன. பிரிட்டனின் யூகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுவரையுள்ள 5 இலட்சம் பேரைச் சேர்த்தது. அவர்களின் இரத்தம், சிறுநீர் மாதிரிகளை உறைநிலையில் வைத்து, ஒப்புதலுடன் மருத்துவப் பதிவுகளையும் தொடர்ந்து பார்த்துவருகிறது. நோய் வருமுன்பே மாதிரி எடுப்பதுதான் இதில் முக்கியம். மாரடைப்புக்குப் பின் எடுக்கும் இரத்தத்தில் நோயும் மருந்தும் செய்த மாற்றங்கள் கலந்துவிடும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம்.

சேமித்த மாதிரிகள் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். 1980களின் இறுதியில் தொடங்கிய அதில், கறுப்பினத்தவர்களில் 2.6 சதவீதத்தினருக்கு பி.சி.எஸ்.கே.9 என்னும் மரபணுவின் ஒரு நகல் செயலிழந்திருந்தது. மற்றவர்களைவிட அவர்களுக்கு எல்.டி.எல். கொழுப்பு 28 சதவீதம் குறைவு. இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவு! 2006இல் முடிவு வெளியானது. மரபணு பழுதானால் நோய் என்றே பழகிய மாணவர்களுக்கு, பழுதே காப்பாகும் இச்செய்தி பிடிக்கும். அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளுக்கு 2015இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

அதே பழுதுகள் வெள்ளையரிடம் மிக அரிது. அவர்களின் இரத்தத்தை மட்டும் சேமித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா? யூகே பயோபேங்கில் இருப்பவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளையர். அத்தகைய தரவிலிருந்து கணக்கிடும் மரபணு அபாய மதிப்பெண்கள் தெற்காசியருக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில்லை. நமக்கோ சர்க்கரையும் இதயநோயும் இளம் வயதிலேயே வருகின்றன. ஜீனோம் இந்தியா திட்டம் ஏறத்தாழ 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்தது. அங்கே 5 இலட்சம், இங்கே 10,000.