வாட்ஸ்அப்பில் விற்ற அகல் விளக்கு ஜிடிபி-யில் எங்கே போகிறது?

கார்த்திகை தீபத்துக்கு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் செய்யும் அகல் விளக்குகள் பெட்டி பெட்டியாக வெளியூர் போகும். ஒரு யூனிட்காரர் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், சேலம் வியாபாரி ஆர்டர் கொடுக்கிறார், பணம் யுபிஐ-யில் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது டிஜிட்டல் பொருளாதாரமா, பீங்கான் தொழிலா?

நம்மைக் கேட்டால் ரெண்டும்தான் என்போம். புள்ளிவிவரம் அப்படிச் சொல்லாது.

ஒரு சின்ன கணக்கு

ஆர்டர் 10,000 ரூபாய். களிமண், எரிபொருள், அட்டைப்பெட்டி என்று வெளியே வாங்கியது 4,000. மீதி 6,000 ரூபாய்தான் அந்த யூனிட் கூட்டிய மதிப்பு. ஜிடிபி-க்குப் போவது இதுதான், அதுவும் முழுக்க 'உற்பத்தித் துறை' தலைப்பில். வாட்ஸ்அப்புக்கு அவர் காசு கொடுக்கவில்லை. அதனால் அது பிடித்துக் கொடுத்த ஆர்டருக்கு டிஜிட்டல் கணக்கில் பூஜ்யம்.

இப்போ அதே ஆர்டர், அதே விலையில், ஒரு ஆன்லைன் ஷாப்பிங் தளம் வழியாக வருகிறது. கமிஷன் 1,500 என்று வையுங்கள். யூனிட்டின் பங்கு 4,500 ஆகக் குறையும், தளத்தின் பங்கு 1,500 (தளத்தின் சொந்தச் செலவுகளை இப்போதைக்கு விட்டுவிடலாம்). மொத்தம் அதே 6,000தான். விளக்கு ஒன்றுகூட அதிகம் விற்கவில்லை, ஆனா 'டிஜிட்டல் பொருளாதாரம்' மட்டும் 1,500 ரூபாய் வளர்ந்துவிட்டது!

சரி, யுபிஐ தொகையை வைத்து அளக்கலாமே? முடியாது. 2025 ஆகஸ்ட்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. அதில் டீக்கடை பில்லும் இருக்கு, அம்மாவுக்கு அனுப்பிய 5,000 ரூபாயும் இருக்கு. பணம் கை மாறுவது வேறு, புதிதாக மதிப்பு உருவாவது வேறு.

அரசு எப்படி அளந்தது?

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்காக இக்ரியர் ஆய்வு நிறுவனம் தயாரித்த அறிக்கை 2025 ஜனவரியில் வந்தது. 2022-23இல் டிஜிட்டல் பொருளாதாரம் தேசிய வருமானத்தில் 11.74 சதவீதம், அதாவது சுமார் 31.64 லட்சம் கோடி ரூபாய் என்றது அது. இதில் பெரும்பகுதி ஐடி, தொலைத்தொடர்பு, மின்னணு உற்பத்தி போன்றவை. ஆன்லைன் தளங்கள் சுமார் 2 சதவீதம். பழைய துறைகள் டிஜிட்டலுக்கு மாறியதற்கு இன்னொரு 2 சதவீதம். ஆனால் அந்தப் பழைய துறைகள் என்று எடுத்துக்கொண்டது வங்கி-நிதி, வணிகம், கல்வி ஆகியவற்றைத்தான். நம்ம சூளைக்காரர் போனில் நடத்தும் வியாபாரம் அதற்குள் வரவில்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கடன் திட்டமோ பயிற்சியோ எங்கே தேவை என்று முடிவெடுப்பவர்கள் இந்த மாதிரி எண்களைத்தான் பார்க்கிறார்கள். பெங்களூருவும் சென்னையும் அதில் பளிச்சென்று தெரியும். விருத்தாசலம் 'பாரம்பரியத் தொழில் நகரம்' என்ற பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருக்கிறது

பதிவு பெற்ற கம்பெனியாக இல்லாத சிறு தொழில்கள் பற்றி தேசிய புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் சர்வே எடுக்கிறது. தொழிலுக்கு இன்டர்நெட் பயன்படுத்தும் நிறுவனங்கள் 2022-23இல் 21.1 சதவீதம், 2023-24இல் 26.7 சதவீதம். ஒரே வருஷத்தில் இந்த ஏற்றம் பெருசுதான். 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற புதிய தேசியக் கணக்கு விதிகள் 'டேட்டா'வையே ஒரு சொத்தாகச் சேர்க்கச் சொல்கின்றன. இலவச ஆப் தரும் பலன் அப்போதும் ஜிடிபி-க்கு வெளியேதான் நிற்கும். சேலத்து ஆர்டரும் 'உற்பத்தித் துறை' தலைப்பிலேயே இருக்கும்.