காலுக்கு எட்டும் சுக்கான்

சுக்கான் என்பது அரபு மொழியிலிருந்து கடலோடிகள் வழியே தமிழுக்கு வந்த சொல். கப்பலில் அதனைக் கை திருப்பும். விமானத்தில் கால் மிதிக்கும். தம் வீட்டுக் கொட்டகையில் தாமே சிறு விமானம் கட்டிப் பறப்போர் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உளர். இரு கால்களுக்கும் என்னென்ன வேலை கொடுப்பது என்பது அவர்கள் நின்று எண்ணவேண்டிய வினாவாகும்.

வலக்கால் மிதித்தால் விமானத்தின் மூக்கு வலப்புறம் திரும்பும். இடக்கால் மிதித்தால் இடப்புறம். சிக்கல் பிரேக்கில்தான் தொடங்குகிறது. இரு பெருஞ்சக்கரங்களுக்கும் தனித்தனிப் பிரேக்குகள் உண்டு. அவற்றையும் கால்களே இயக்கவேண்டும். இன்று பெரும்பாலும் சுக்கான் மிதியின் மேல்விளிம்பைக் கால்விரல்களால் சாய்த்தால் பிரேக் பிடிக்கும். வசதியானதே. ஆயினும், வாற்சக்கர விமானம் தரையிறங்கும்போது, வால் சுழன்றுவிடாமல் காக்க ஓட்டுபவர் மிதிகளை மாறிமாறி மிதித்தவண்ணம் இருப்பார். அப்போது பாதம் சற்றே மேலேறினாலும் பிரேக் இறுகும். விமானம் மூக்குக் குப்புற விழவும் கூடும். 1930களின் இறுதியில் வந்த பைப்பர் கப் விமானத்தில் பிரேக்குகள் குதிகாலுக்கென்று தனியே அமைந்தவை. அறியாமல் மிதிபடும் அச்சம் அங்கே குறைவு; ஆனால் சுக்கானை முழுதும் மிதித்தபடி குதிகாலால் பிரேக்கையும் அழுத்துவது பழகிப் பெறவேண்டிய வித்தை.

பர்ட் ரூட்டான் 1979இல் பறக்கவிட்ட லாங் ஈஸி விமானத்தில் வேறு வழி கண்டார். அதன் சுக்கான்கள் வாலில் இல்லை, இறக்கை நுனிகளில் உள்ளன. ஒவ்வொன்றும் வெளிப்புறம் மட்டுமே திரும்பும். மிதியைச் சுக்கானின் எல்லைவரை அழுத்தி, அதற்கு மேலும் அழுத்தினால் அப்பக்கத்துச் சக்கரத்தின் பிரேக் பிடிக்கும். ஒரே மிதி, இரு வேலை, எடையும் மிச்சம். மிக நேர்த்தியான ஏற்பாடு என்பது என் கருத்து.

ஆனால் அந்த நேர்த்தி, அமர்பவரின் உடலளவுக்கு உட்பட்டது. பாடகர் ஜான் டென்வர், பிறர் கட்டிய லாங் ஈஸி ஒன்றை விலைக்கு வாங்கி ஓட்டி, 1997 அக்டோபர் 12ஆம் நாள் கலிபோர்னியாவில் மான்டரே அருகே கடலில் விழுந்து மாண்டார். மிதிகளை எட்ட அவர் முதுகுக்குப் பின் மெத்தை வைக்கவேண்டியிருந்தது. எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகு, மூல வரைபடத்தில் ஓட்டுபவரின் கால்களுக்கிடையே இருந்தது. கட்டியவரோ, எரிபொருட் குழாய் ஓட்டுபவர் அறைக்குள் வரவேண்டாமென்று, அதனை இடத்தோளின் பின்னே வைத்திருந்தார். அதனைப் பிடிக்க உடலை இடப்புறம் முறுக்கினால், வலக்கால் இயல்பாகவே நீண்டு வலமிதியை அழுத்தும். அவ்வாறே நிகழ்ந்து விமானம் கட்டு மீறியது என்பது அரசாங்க விசாரணையின் முடிவு.

மிதிகளை நிலையாகப் பொருத்துமுன், இருக்கையில் வார் கட்டி அமர்ந்து, எல்லாத் திருகுகளையும் ஒவ்வொன்றாக எட்டித் தொட்டு, அப்போது பாதங்கள் எங்கே போகின்றன என்று அருகிருப்பவரைப் பார்க்கச் சொல்வது ஒரு மாலைப்பொழுது வேலைதான்.