சுகர் இல்லாமல் இருந்திருந்தால்?

சர்க்கரை நோய் வராமல் இருந்திருந்தால், விரும்பியதைச் சாப்பிடும் சுதந்திரம் எவ்வளவு கூடியிருக்கும்? நம் ஊர் மருத்துவமனைகளில் இப்படி யாரும் கேட்பதில்லை. அங்கே பேச்செல்லாம் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைப் பற்றித்தான். அதைக் காட்டும் எச்பிஏ1சி ஏழு சதவீதத்துக்குள் நின்றால் டாக்டருக்குத் திருப்தி, அதே மாத்திரை தொடரும். அந்த எண்ணை எட்டுவதற்கு அந்த மனிதர் எதையெல்லாம் விட்டார் என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது.

அதையும் அளக்க முடியும் என்று இறங்கியவர்களில் ஒருவர், லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் கிளேர் பிராட்லி. அவர் 1990-களில் உருவாக்கிய ‘ஏடிடிக்யூஓஎல்’ படிவம் இன்று 19 பகுதிகளைக் கொண்டது. வேலை, பயணம், குடும்பம், தாம்பத்தியம், பணநிலை, எதிர்காலம் பற்றிய பயம் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகள். நோய் இல்லாவிட்டால் இது எவ்வளவு மேம்பட்டிருக்கும்? இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? முதல் பதிலுக்கு மைனஸ் 3 முதல் பிளஸ் 1 வரை மதிப்பெண், இரண்டாவதற்கு 0 முதல் 3 வரை. இரண்டையும் பெருக்க வேண்டும். சாப்பாட்டில் பெரிய இழப்பு, சாப்பாடு உயிர் என்பவருக்கு மைனஸ் 9. பயணமும் கெட்டுத்தான் போனது, ஆனால் ஊர் சுற்றுவதில் நாட்டமே இல்லை என்றால் வெறும் பூஜ்யம்.

அந்தப் பிளஸ் 1 எதற்கு? சுகர் வந்த பிறகுதான் நடைப்பயிற்சி தொடங்கினேன், குடியை விட்டேன் என்பவர்களும் உண்டே!

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும், வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று நேராகக் கேட்டால் போதாதா? போதாது. பத்து வருடம் சுகரோடு வாழ்ந்தவர் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். அது பொய்யல்ல, பழகிவிட்டது. ‘இல்லாமல் இருந்திருந்தால்’ என்று கேட்கும்போதுதான் பழக்கம் மூடி வைத்தது வெளியே வருகிறது. பல நாடுகளில் இப்படிவத்தை நிரப்பியவர்கள் திரும்பத் திரும்ப அதிக இழப்பாகச் சொன்னது சாப்பாட்டுச் சுதந்திரத்தைத்தான். இது நோய் தரும் வலியல்ல, வைத்தியம் விதிக்கும் கட்டுப்பாடு என்பதைக் கவனிக்க வேண்டும்.

எந்த நோய்க்கும் பொதுவான படிவங்களில் இது பிடிபடாது. ‘ஈக்யூ-5டி’ ஐந்தே விஷயங்களைக் கேட்கிறது: நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கலக்கம். தினமும் நான்கு ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர் இந்த ஐந்திலும் ‘பிரச்சினை இல்லை’ என்று டிக் அடித்து முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் சுகரையும் மூட்டுவலியையும் ஒரே தட்டில் நிறுத்த அரசுகளுக்கு இந்த மாதிரிப் படிவம்தான் வேண்டும். எந்த மருந்துக்குப் பணம் ஒதுக்கலாம் என்ற கணக்குக்கு பிரிட்டன் இதைத்தான் எடுத்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 1990-களில் ஒரு பொதுப் படிவம் தயாரித்தது. அதற்காக உலகெங்கும் தேர்ந்தெடுத்த மையங்களில் டெல்லியோடு சென்னையும் இருந்தது.

எந்தப் படிவத்தை எடுக்கிறோமோ அதற்கேற்பத்தான் விடையும். இதற்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி ஆய்வைப் பார்க்கலாம். முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்குத் தீவிர சிகிச்சை: தினமும் மூன்று அல்லது அதற்கு மேல் ஊசி அல்லது இன்சுலின் பம்ப், நான்கு முறை விரலில் குத்திச் சோதனை. பலன் பெரிது. புதிதாக விழித்திரை பாதிக்கும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. விலையும் இருந்தது. கடுமையான லோ சுகர் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் அந்த ஆய்வுக்கென்றே தயாரித்த வாழ்க்கைத் தரப் படிவத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தீவிர சிகிச்சை வாழ்க்கையைக் கெடுக்காது என்று அதைப் படித்தவர்கள் உண்டு. எனக்குச் சந்தேகம்தான். தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள், பின்னால் ஒரு மருத்துவக் குழுவே துணை. அதோடு, கேட்காத கேள்விக்கு மதிப்பெண் ஏது?

இந்திய நோயாளிகளுக்கென்று 2010-ல் 34 கேள்விகளோடு ஒரு படிவம் வந்தது. அதன் எட்டுப் பிரிவுகளில் பணக்கவலை தனிப் பிரிவு, உணவுத் திருப்தி இன்னொன்று. மருந்துக் கடை பில்லைக் கையிலிருந்து கட்டும் நாட்டில் அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இத்தனை பேரிடமும் நீண்ட படிவத்தை நீட்ட முடியாது என்பது நியாயம். அதற்கும் வழி இருக்கிறது. சுகரோடு வாழ்வதன் சலிப்பு, பயம், குற்றவுணர்வு ஆகியவற்றைக் கேட்கும் ‘பெய்ட்’ படிவத்தின் மூலவடிவில் 20 கேள்விகள். சுருக்க வடிவில் ஐந்தே. அந்த ஐந்திலும் சேர்த்து இருபது மதிப்பெண்ணுக்கு எட்டோ அதற்கு மேலோ வந்தால், மாத்திரையைக் கூட்டும் முன் உட்கார்ந்து பேச வேண்டியவர் என்று பொருள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, டிபன் முடித்து, அடுத்த ரத்தத்துக்காக லேப் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரிடம் இந்த ஐந்தைக் கேட்டுவிடலாம்.