சிட்டிசிங்புரா: ஐந்து நாளில் சொல்லப்பட்ட பதிலும் அடங்காத ஐயமும்

புது தில்லி: அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் இந்தியாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டிருந்த நேரம். 2000-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி மாலை இருட்டியபின், காஷ்மீரின் அனந்த்நாக் மாவட்டத்தில் உள்ள சிட்டிசிங்புரா கிராமத்தில் 35 சீக்கியர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. சுட்டவர்கள் இன்னார் என்று எந்த நீதிமன்றமும் இதுவரை தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் அரசிடம் ஒரு பதில் இருந்தது. அது ஐந்தே நாள்களில் நாட்டுக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பதில் பொய்யானது என்று பின்னர் கூறியவர்கள் எதிர்க்கட்சியினரோ பிரிவினைவாதிகளோ அல்லர். மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள சி.பி.ஐ.தான் அவ்வாறு கூறியது.

காஷ்மீரில் தீவிரவாதம் தலைதூக்கிய 1989-90 முதல் பண்டிட்டுகள் பெருந்திரளாகப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறினர். சீக்கியர்கள் பெரும்பாலும் வெளியேறவில்லை. அந்தப் பத்தாண்டுகளில் அவர்கள்மீது திட்டமிட்ட பெருந்தாக்குதல் எதுவும் நடந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அன்று மாலை ராணுவச் சீருடை அணிந்த சிலர் கிராமத்துக்குள் வந்து, சோதனை நடத்த வேண்டும் என்று ஆண்களை வெளியே அழைத்தபோது யாரும் பெரிதாக அஞ்சவில்லை. காஷ்மீர் கிராமங்களில் இத்தகைய சோதனை அன்றாட நிகழ்ச்சி. கிராமத்தின் இரண்டு இடங்களில், குருத்துவாராக்களை ஒட்டி ஆண்கள் நிறுத்தப்பட்டனர். பிறகு துப்பாக்கிகள் வெடித்தன. குண்டடிபட்டு விழுந்தவர்களில் ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார்.

22 ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க அதிபர் ஒருவர் இந்தியா வந்திருந்த வேளை அது. உலகப் பத்திரிகையாளர்கள் தில்லியில் குழுமியிருந்தனர். லஷ்கர்-இ-தொய்பாவும் ஹிஸ்புல் முஜாஹிதீனும்தான் இதைச் செய்தன என்று மத்திய அரசு அறிவித்தது. அந்த அமைப்புகள் மறுத்தன. குற்றவாளிகளை விரைவில் பிடித்தாக வேண்டிய நெருக்கடி வாஜ்பாய் அரசுக்கும், மாநிலத்தில் இருந்த பரூக் அப்துல்லா அரசுக்கும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அடுத்து நடந்தவற்றுக்கு அந்த நெருக்கடி சமாதானம் ஆகாது.

மார்ச் 25-ஆம் தேதி, அதே மாவட்டத்தின் பத்ரிபல் பகுதியில் மலைமேல் இருந்த ஒரு குடிசையில் ஐந்து "வெளிநாட்டுத் தீவிரவாதிகள்" சுட்டு வீழ்த்தப்பட்டதாக அறிவிப்பு வெளியானது. ராஷ்ட்ரீய ரைபிள்ஸின் 7-வது பிரிவும், மாநிலப் போலீசாரின் சிறப்பு நடவடிக்கைக் குழுவும் கூட்டாக நடத்திய மோதல் என்றும், கொல்லப்பட்டவர்களே சிட்டிசிங்புரா கொலையாளிகள் என்றும் கூறப்பட்டது. கருகிச் சிதைந்த நிலையில் இருந்த ஐந்து உடல்களும் அவசரம் அவசரமாகப் புதைக்கப்பட்டன. கோப்பைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது.

கிராமங்களில் அது முடியவில்லை. படுகொலைக்குப் பிந்தைய சில நாள்களில் அனந்த்நாக் நகரிலும் சுற்றுவட்டார மலைக்கிராமங்களிலும் ஆண்கள் சிலர் காணாமல் போயிருந்தனர். ஒருவர் துணி வியாபாரி. இருவர் ஆட்டு வியாபாரத்துக்காக வெளியே சென்றவர்கள். மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ஒரே பெயர் கொண்ட இருவர் இரவில் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். பத்ரிபல் மலையில் கிடந்த கருகிய துணித் துண்டுகளையும் பொருள்களையும் பார்த்த உறவினர்கள், அவை தம் வீட்டு மனிதருடையவை என்றனர். புதைத்த உடல்களைத் தோண்டி எடுங்கள் என்பது மட்டுமே அவர்களின் கோரிக்கை. அதில் அரசியல் ஏதும் இல்லை.

அந்தக் கோரிக்கையுடன் ஏப்ரல் 3-ஆம் தேதி ஊர்வலமாக அனந்த்நாக் நோக்கி நடந்தவர்கள்மீது பராக்போரா என்ற இடத்தில் மத்திய ரிசர்வ் போலீசாரும் சிறப்புக் குழுப் போலீசாரும் துப்பாக்கியால் சுட்டனர். குறைந்தது ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர், பத்ரிபல்லில் கொல்லப்பட்டதாகக் கருதப்பட்ட தம் தந்தையின் உடலைக் கேட்டு வந்த மகன். ஒரு படுகொலையின் விசாரணை, பதினைந்து நாள்களுக்குள் மேலும் இரண்டு துப்பாக்கிச் சூடுகளைப் பெற்றெடுத்திருந்தது.

பராக்போரா சம்பவத்தை விசாரிக்கும் பொறுப்பு ஒரு தமிழரிடம் வந்தது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவரும், உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவரும், ஐந்தாவது ஊதியக் குழுவின் தலைவராக மத்திய அரசு ஊழியர்கள் நன்கு அறிந்தவருமான எஸ்.ரத்தினவேல் பாண்டியன்தான் அவர். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அவர் அறிக்கை அளித்தார். பராக்போரா துப்பாக்கிச் சூட்டுக்கு எந்த நியாயமும் இல்லை என்பது அவருடைய முடிவு. மத்திய ரிசர்வ் போலீசார், சிறப்புக் குழுவினர் சிலர்மீது அவர் பொறுப்பு சுமத்தினார். இந்திய விசாரணைக் கமிஷன்களின் வரலாற்றில் ஏழு மாதத்துக்குள் வந்த அறிக்கை அபூர்வமானது. ஆனால் அவருக்குத் தரப்பட்ட வேலை மூன்றாவது துப்பாக்கிச் சூட்டை விசாரிப்பது மட்டுமே. முதல் துப்பாக்கிச் சூடான சிட்டிசிங்புராவை விசாரித்து எந்த நீதிபதியும் அறிக்கை தரவில்லை.

பராக்போராவில் உயிர்ப்பலி நேர்ந்த அதே வாரத்தில் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. உறவினர்கள் அடையாளம் காட்டினர். அது போதாது என்று மரபணு சோதனைக்கு மாதிரிகள் எடுக்கப்பட்டு, ஹைதராபாத், கொல்கத்தா ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. ஹைதராபாத் விஞ்ஞானிகள் கண்டது அவர்களுக்கே வியப்பளித்திருக்க வேண்டும். பெண் உறவினரின் ரத்தம் என்று முத்திரையிட்டு வந்த குப்பிகளில் ஆணின் மரபணு இருந்தது. ஒரே நபருடையது என்று வந்த மாதிரியில் இருவரின் மரபணு கலந்திருந்தது. அதாவது, இறந்தவர்களுக்கும் உறவினர்களுக்கும் தொடர்பில்லை என்ற முடிவு வரும்படியாக யாரோ மாதிரிகளை மாற்றியிருந்தனர்.

இதை ஆய்வகம் அதிகாரிகளுக்குத் தெரிவித்தும், நாட்டு மக்களுக்குத் தெரிவதற்கு 2002 மார்ச்சில் ஒரு நாளிதழின் செய்தி தேவைப்பட்டது. பரூக் அப்துல்லா சட்டப்பேரவையில் மோசடி நடந்ததை ஒப்புக்கொண்டார். நீதிபதி ஜி.ஏ.குச்சாய் தலைமையில் விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. ஏப்ரலில் மீண்டும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஜூலையில் முடிவு வந்தது: பத்ரிபல்லில் கொல்லப்பட்ட ஐவரும் உள்ளூர்க்காரர்கள். கிராமத்து மக்கள் முதல் வாரத்திலேயே சொன்னதை அரசு ஏற்பதற்கு இரண்டேகால் ஆண்டு ஆனது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தவறான தகவலை நம்பித் தவறான ஆள்களைச் சுட்டுவிட்டோம் என்று ஒருவேளை ராணுவமும் போலீசும் சொல்லியிருந்தால், அதை நம்பவும் சிலர் இருந்திருப்பார்கள். ஆனால் தவறு செய்தவர்கள் ரத்தக் குப்பிகளை மாற்ற வேண்டிய அவசியம் என்ன? மாதிரிகளை மாற்றியவர்கள், கொல்லப்பட்டவர்கள் யார் என்பதை அறிந்தே மாற்றியிருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுமுதல் வலுப்பெற்றது.

2003-இல் வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. மூன்று ஆண்டு விசாரணைக்குப் பின், 2006 மே மாதம் ஸ்ரீநகர் நீதிமன்றத்தில் ராணுவத்தினர் ஐவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அப்பாவிகளைப் பிடித்துச் சென்று கொன்றுவிட்டு மோதல் என்று காட்டினர் என்பது குற்றச்சாட்டு. திட்டமிட்ட கொலை என்றே உச்ச நீதிமன்றத்திலும் சி.பி.ஐ. வாதிட்டது.

ராணுவத்தின் எதிர்வாதம் உண்மைகளைப் பற்றியதாக அல்லாமல், சட்டத்தைப் பற்றியதாக இருந்தது. ஜம்மு-காஷ்மீருக்கான 1990-ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, மத்திய அரசின் முன் அனுமதியின்றிப் படையினர்மீது வழக்கு நடத்த முடியாது. போலி மோதல் எப்படிக் கடமையாகும், கடமையில்லாததற்குப் பாதுகாப்பு எதற்கு என்று சி.பி.ஐ. கேட்டது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம், செஷன்ஸ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஏறி இறங்கிய அந்தக் கேள்வி, 2012 மே 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. அனுமதி கட்டாயம் என்று நீதிபதிகள் பி.எஸ்.சௌஹான், ஸ்வதந்தர் குமார் அமர்வு கூறியது. ராணுவ நீதிமன்றமா, சாதாரண நீதிமன்றமா என்பதை எட்டு வாரங்களுக்குள் ராணுவமே தேர்ந்தெடுக்கலாம் என்றும் உத்தரவிட்டது.

ராணுவம் தன் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. சாட்சியங்களைப் பதிவு செய்யும் கட்டத்திலேயே, விசாரணைக்குப் போகாமலேயே, 2014 ஜனவரியில் வழக்கை முடித்துக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு எதிராக முதல்நோக்கிலேயே வழக்கு இல்லை, குறிப்பிட்ட உளவுத் தகவலின் பேரில் போலீசாருடன் கூட்டாக நடத்திய நடவடிக்கை அது என்று ராணுவம் விளக்கம் அளித்தது. அப்போதைய முதல்வர் ஒமர் அப்துல்லா ஏமாற்றம் தெரிவித்தார். ஆக, ஒரே சம்பவத்துக்கு மத்திய அரசின் இரண்டு அங்கங்கள் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு விளக்கங்களை அளித்துள்ளன. எது சரி என்று சொல்லக்கூடிய வெளிப்படையான நீதிமன்ற விசாரணை நடக்கவே இல்லை. உறவினர்களின் மனுவை உயர் நீதிமன்றம் 2016-இல் தள்ளுபடி செய்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் முறையீட்டின்மீது மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

இத்தனை ஆண்டு வழக்காடலும் பத்ரிபல்லின் ஐவரைப் பற்றியதே. சிட்டிசிங்புராவின் 35 பேர் என்ன ஆனார்கள்? பத்ரிபல் கதை பொய்த்தபோது, "கொலையாளிகள் கொல்லப்பட்டனர்" என்ற முடிவும் கூடவே சரிந்தது. அப்படியானால் கொலையாளிகள் யார் என்று மறுபடியும் தொடக்கத்திலிருந்து தேடியிருக்க வேண்டும். அவ்வாறு தேடப்படவில்லை. சீக்கிய அமைப்புகளின் நீதி விசாரணைக் கோரிக்கை ஒவ்வோர் அரசின் காலத்திலும் எழுந்து, ஒவ்வோர் அரசின் காலத்திலும் அடங்கிப் போனது.

லஷ்கர் அமைப்பின் கைவரிசை என்பதற்குச் சான்றுகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டிலேயே பிடிபட்ட பாகிஸ்தானியரான சுஹைல் மாலிக், தாம் இதில் பங்கேற்றதாக ஒப்புக்கொண்டதாகப் போலீசார் கூறினர். காவலில் இருந்தபோதே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் பேரி பெராக்கிடமும் அவர் அவ்வாறே சொன்னார். ஆனால் அந்த வாக்குமூலத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பெராக்கே ஐயம் எழுப்பினார். 2011-இல் தில்லி நீதிமன்றம் மாலிக்கை விடுவித்தது. மும்பைத் தாக்குதல் வழக்கில் சிக்கிய டேவிட் ஹெட்லியும், சிட்டிசிங்புரா லஷ்கரின் செயல்தான் என்று 2010-இல் தேசியப் புலனாய்வு முகமையிடம் கூறியதாகச் செய்திகள் வந்தன. அது பிறர் சொல்லக் கேட்டதைச் சொன்னதே ஆகும்.

மறுபுறத்தில், அரசுப் படைகளோ அவற்றின் துணைக் குழுக்களோதான் இதைச் செய்தன என்ற பேச்சு பள்ளத்தாக்கில் பரவலாக உண்டு. இதற்கும் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை. ராணுவச் சீருடை ஒரு சான்றாகாது. தீவிரவாதிகளும் பலமுறை அதே சீருடையில் வந்துள்ளனர். பத்ரிபல்லில் பொய் சொன்னவர்கள் சிட்டிசிங்புராவிலும் பொய் சொல்லியிருப்பார்கள் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் கொலையை மறைக்கும் பொய்யும், கொலையாளி அகப்படாததை மறைக்கும் பொய்யும் ஒன்றல்ல. இரண்டாவது வகைப் பொய்யாகவே பத்ரிபல் இருந்திருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்லக்கூடிய விசாரணைதான் நடக்கவில்லை.

நடக்காத விசாரணையின் இடத்தை வதந்தி நிரப்பியது. அது எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதற்கு 2006-இல் ஒரு விசித்திரச் சான்று கிடைத்தது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் எழுதிய நூலுக்குக் கிளிண்டன் எழுதிய முன்னுரையில், அந்தச் சீக்கியர்களைக் கொன்றவர்கள் "இந்து தீவிரவாதிகள்" என்று அச்சாகியிருந்தது. இந்தியாவில் எதிர்ப்பு கிளம்பியதும், அது பிழை என்று பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். தம் பயணத்தின்போது நடந்த படுகொலையைப் பற்றி, வல்லரசு ஒன்றின் அதிபராக இருந்தவரின் பெயரில் வந்த வாசகத்தின் நிலையே இது என்றால், அனந்த்நாக் கடைவீதியில் உலவும் கதைகளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

காஷ்மீரில் இத்தகைய வழக்குகள் இதற்குப் பிறகும் வந்தன. 2010-இல் மச்சில் பகுதியில் மூன்று கிராமத்தவரும், 2020-இல் அம்ஷிபோராவில் ரஜௌரியைச் சேர்ந்த மூன்று தொழிலாளர்களும் தீவிரவாதிகள் என்று கூறிக் கொல்லப்பட்டனர். இரண்டிலும் ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை வரை சென்றது. இரண்டிலும் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் தண்டனையைப் பின்னர் நிறுத்தி வைத்தது. பத்ரிபல் அந்த அளவுக்குக்கூடச் செல்லவில்லை.

2019 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டு, மாநிலம் யூனியன் பிரதேசமாக்கப்பட்டது. மாநில மனித உரிமை ஆணையமும் அதோடு கலைக்கப்பட்டது. மத்தியச் சட்டங்கள் பலவும் அங்கு நேரடியாகப் பொருந்தும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. விசாரணைக் கமிஷன்கள் குறித்த மத்தியச் சட்டமும் அவற்றுள் ஒன்று. சிட்டிசிங்புராவில் அன்று சுடப்பட்டு உயிர் பிழைத்தவரின் வாக்குமூலத்தைக் கேட்பதற்கு, அந்தச் சட்டத்தின்கீழ் இதுவரை கமிஷன் எதுவும் அமைக்கப்படவில்லை.