மண்ணின் நிறமும் மங்கிலுள்ள பாலும்

பீடோருக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் நாம் உரையாடிக்கொண்டிருந்த பொழுது, செகாமட்டில் பல்லாண்டுகள் பால் வெட்டிய பெரியவர் ஒருவர் கேள்வி ஒன்றை எழுப்பினார். “ஐயா, அங்கே காலில் ஒட்டும் மண் கருஞ்சிவப்பு, மாவு போல் இருக்கும். இங்கே வெளிறிய மஞ்சள். கையில் எடுத்தால் மணல் நறநறக்கிறது. பால்மரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே? உரம் மட்டும் ஏன் மாறுகிறது?” என்றார்.

இக்கேள்விக்கு விடை மண்ணில் மட்டும் இல்லை. மண்ணுக்கு அடியிலுள்ள பாறையில் இருக்கிறது.

பீடோருக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கிரானைட் பாறையால் ஆனது. ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இரு நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதி நெருக்கியதன் விளைவாக, நிலத்தின் ஆழத்தில் பழம்பாறைகள் உருகின. அக்குழம்பு வெளியே வராமல் உள்ளேயே மெல்லக் குளிர்ந்து இறுகியது. அதில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் சிலிக்கா, அதாவது வெண்மணலின் பொருள். இரும்பும் மக்னீசியமும் மிகக் குறைவு. குழம்பு இறுகியபொழுது, முதலில் உருவான கனிமங்களில் இடம் பெறாத ஈயம் கடைசியாக எஞ்சிய குழம்பில் திரண்டது. மழையும் ஆறும் அதனை அடிவாரத்துக்குக் கொண்டு சேர்த்தன. கிந்தா சமவெளியும் பீடோரும் ஈயத்தால் பெயர் பெற்றது இவ்வாறுதான்.

செகாமட்டிலும் குவாந்தானிலும் உள்ள பாறை வேறு இனம். அது பசால்ட் எனப்படும் எரிமலைப் பாறை. குவாந்தானுக்கு வடக்கே பத்து ஹீத்தாம் கடற்கரைக்குச் சென்றவர்கள் அதன் கரிய பாறைகளைக் கண்டிருப்பார்கள். ஊர்ப்பெயரின் பொருளே கருங்கல் என்பதுதான். (நம்மவர் கிரானைட்டையும் கருங்கல் என்றே அழைப்பதால் குழப்பம் நேர்கிறது.) செகாமட் பசால்ட்டின் வயது ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல், குவாந்தானுடையது இருபது இலட்சம் ஆண்டுகளுக்கும் குறைவு. கிரானைட் நிலம் நெருக்குண்டதால் பிறந்தது என்றால், இத்தகைய பசால்ட் பெரும்பாலும் நிலம் இழுபட்டு மெலியும் இடங்களில் பிறப்பது.

இழுபடுவதால் பாறை எப்படி உருகும்? பூமியின் ஆழத்தில் வெப்பம் மிகுதியாக இருந்தும், மேலுள்ள பாரம் அழுத்துவதால் பாறை உருகாமல் கிடக்கிறது. மேல்நிலம் மெலிந்து ஆழப்பாறை உயரும்பொழுது அழுத்தம் குறைகிறது. புதிதாகத் தீ மூட்டாமலே அதில் ஒரு சிறு பகுதி உருகிவிடுகிறது. எவ்வளவு பகுதி உருகுகிறது என்பதே குழம்பின் இரசாயனத்தைத் தீர்மானிக்கிறது. மிகச் சிறிய பகுதி மட்டும் உருகினால் சோடியமும் பொட்டாசியமும் அதில் செறிந்து, சிலிக்கா குறைந்துவிடும்.

இதனை இன்றும் கண்ணால் காணத்தக்க இடம் கிழக்கு ஆப்பிரிக்கா. எத்தியோப்பியாவிலிருந்து தெற்கு நோக்கி, ஒரு கண்டமே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில் பிளந்து வருகிறது. அப்பிளவின் மேற்குக் கிளையில் கொங்கோ நாட்டிலுள்ள நியிராகொங்கோ எரிமலையின் குழம்பில் சிலிக்கா நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதுதான். சிலிக்கா மிகுந்த குழம்பு வெல்லப்பாகு போல் நகரும். இதுவோ நீர்போல் ஓடும். 2002 ஜனவரியில் அது கோமா நகருக்குள் புகுந்து வீடுகளையும் கடைகளையும் அழித்தது. 2021 மே மாதத்தில் மீண்டும் நகரின் விளிம்பு வரை வந்தது. ஆயினும் மக்கள் அவ்வட்டாரத்தை விட்டு அகலவில்லை. எரிமலை மண்ணின் வளம் அத்தகையது.

நம் நாட்டில் கண்டம் அவ்வாறு முழுதும் பிளக்கவில்லை. குவாந்தானில் இன்று எரிமலையும் இல்லை. எனினும் அங்குள்ள பசால்ட், ஆப்பிரிக்கப் பிளவின் பாறைகளுக்கு உறவுமுறைதான்: சிலிக்கா நூற்றுக்கு ஐம்பதுக்கும் கீழ், இரும்பும் மக்னீசியமும் மிகுதி.

இனி மண்ணுக்கு வருவோம். பாறையில் மிகுந்த பொருள் மண்ணிலும் மிகுந்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. நீண்டகாலப் பெருமழை மக்னீசியத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து இழுத்துச் செல்கிறது. இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. அவ்விரும்புதான் செகாமட் மண்ணின் சிவப்பு. அதே இரும்பு, நாம் போடும் பாஸ்பேட் உரத்தை இறுகப் பற்றிக்கொண்டு வேருக்குக் கொடுக்க மறுக்கிறது. கிரானைட்டிலிருந்து வந்த ரெங்கம் மண்ணில் மணல் கலந்திருப்பதால், உரம் மழைநீரோடு இறங்கிப் போவதே அங்குப் பெருங்கவலை. 1925-இல் அமைக்கப்பட்டு, 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், மண்ணை இனம் பிரித்தும் இலையைச் சோதித்தும் உரம் பரிந்துரைத்ததற்குக் காரணம் இதுவே.

பால் வெட்டுவோர்க்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. மரப்பாலில் பாஸ்பரஸ் குறைந்து மக்னீசியம் விஞ்சினால், பால் நிலைத்து நிற்காது. மங்கிலேயே உறையத் தொடங்கும். வெயிலையும் அழுக்கு மங்கையும் மட்டுமே குறை கூறிப் பயனில்லை. வெட்டியவரின் கைமேல் பழி போடுவதற்கு முன்னர் இலையைச் சோதனைக்கு அனுப்புவது முறை. மக்னீசிய உரத்தை அளவுக்கு மேல் போட்டாலும் இதே தொல்லை வரும்.

ஆலையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அமோனியா சேர்த்த பாலில் பாஸ்பேட் உப்பைக் கலந்தால், மக்னீசியம் அதனோடு கூடித் தொட்டியின் அடியில் சேறாகப் படிந்துவிடும்.

இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். “ஸ்டோரில் இரண்டு வருஷம் அந்தச் சேற்றை வாரினேன், ஐயா. எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொன்னதில்லை,” என்றார்.