கூடுவாஞ்சேரியும் உயர்மாடங்களும்

மக்கள் ஓரிடத்திற் கூடி வாழத் தலைப்பட்ட நாள்தொட்டு, மனையை எவ்வாறு வகுப்பது, எத்துணை உயர்த்துவது என்னும் வினாக்களும் உடன் தோன்றின. நெடுநல்வாடை என்னும் சங்கப் பாட்டிலே, கட்டடக் கலை உணர்ந்த புலவர் நண்பகலிற் கோல் நட்டு, நிழல் நோக்கித் திசை தெளிந்து, கயிறிட்டு அளந்து அரண்மனை வகுத்த செய்தி கூறப்படுகின்றது. சுவர் எழுப்புமுன் ஞாயிற்றையும் நிலத்தையும் நோக்கினர் நம் முன்னோர் என்பது இதனாற் பெறப்படும். அவ்வாறு நோக்குதல் இந்நாளில் எத்துணை இன்றியமையாதது என்பதனைக் கூடுவாஞ்சேரியைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தாம்பரத்திலிருந்து ஜி. எஸ். டி. சாலை வழியே வண்டலூரும் ஊரப்பாக்கமும் கடந்து செல்வோர் அடைவது கூடுவாஞ்சேரி. ஏரிகள் மலிந்த செங்கற்பட்டு நாட்டில், வயல் சூழ்ந்த சிற்றூராய் இருந்த இஃது, 2021ஆம் ஆண்டில் நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி ஆயிற்று. அவ்வாண்டிலேயே தாம்பரமும் மாநகராட்சி ஆயிற்று. அடுத்த ஆண்டில், 1,189 சதுர கிலோமீட்டராய் இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசாணை பிறந்தது. 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்குச் செல்வோர் கூட்டமெல்லாம் இவ்வூரின் வாயிலில் வந்து நிற்கலாயிற்று. வழி வந்தவிடத்து மனை விலை ஏறுதலும், மனை விலை ஏறியவிடத்து மாடி ஏறுதலும் உலகியல்பு. ஆதலின், இவ்வூரில் வீடுகள் எத்துணை உயரலாம் என்பது இனிப் பொறியாளர் மட்டும் ஆராயும் பொருளன்று. குடிமக்கள் அனைவரும் ஆராய்தற்கு உரியது.

உயரத்திற்கு வரம்பு கட்டுதல் புதுவழக்கமும் அன்று. இலண்டன் மாநகரில் 1894ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடங்களை 80 அடிக்குள் நிறுத்திற்று. நியூயார்க்கில் 1915ஆம் ஆண்டு எழுந்த ஈக்விடபிள் மாளிகை ஏறத்தாழ ஏழு ஏக்கர் நிலத்தைத் தன் நிழலில் ஆழ்த்தியது. அதனைக் கண்டு மருண்ட மக்கள், மேலே செல்லச் செல்லச் சுவர்கள் உள்வாங்க வேண்டும் என்னும் விதியை 1916இல் இயற்றினர். நம் நாட்டிலோ, மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ ஒரு கிலோமீட்டர்க்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழலாகாது என்பது விதி. இலண்டனார் தெருவையும், நியூயார்க்கினர் ஒளியையும், மதுரையார் கோபுரக் காட்சியையும் காத்தனர். ஆகவே, உயரத்தின் வரம்பு என்பது ஓர் ஊர் எதனைக் காக்க விழைகின்றது என்பதனைக் காட்டும் அளவுகோலாம். கூடுவாஞ்சேரி காக்க வேண்டுவது யாது என்பதே நம் வினா.

இப்பொழுது நடைமுறையில் உள்ள தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019ஆம் ஆண்டில் வந்தவை. அவற்றின்படி 18.30 மீட்டருக்கு, அஃதாவது 60 அடிக்கு, மேற்பட்டனவே உயர்மாடங்கள் எனப்படும். அவற்றைச் சுற்றி நாற்புறமும் குறைந்தது 7 மீட்டர் வெளி விடல் வேண்டும். உயரம் 30 மீட்டரைக் கடப்பின், கடந்த ஒவ்வோர் ஆறு மீட்டருக்கும் ஒரு மீட்டர் வெளி கூடும். 60 மீட்டர் உயர்ந்த மாடத்திற்கு 12 மீட்டர் வெளி வேண்டும் என்பது இக்கணக்கு. இவ்வெளி அழகிற்கென விட்டதன்று. தீப்பற்றிய நாளில் தீயணைப்பு வண்டி சுற்றிவரவும், அண்டை வீட்டார்க்குக் காற்றும் வெயிலும் கிட்டவும் விட்டதாகும்.

இனி, தளப்பரப்புக் குறியீடு என ஒன்று உண்டு, எஃப். எஸ். ஐ. என வழங்குவர். மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதே அதன் பொருள். உயர்மாடம் அல்லாத கட்டடங்களுக்கு அது 2 என்க. ஒரு கிரவுண்டு, அஃதாவது 2,400 சதுர அடி மனையில், 4,800 சதுர அடித் தளம் எழுப்பலாம். மனையிற் பாதியை மூடி நான்கு தளமாகவும் எழுப்பலாம். மூன்றில் இரு பங்கை மூடி மூன்று தளமாகவும் எழுப்பலாம். தளத்தின் பரப்பு ஒன்றே. எஞ்சும் மண்ணின் பரப்போ வேறு. ஆதலின், உயரமே தீது எனக் கூறுதல் பொருந்தாது. நிலத்தை முற்றும் மூடிய தாழ்ந்த வீடுகளினும், மண்ணைத் திறந்துவிட்டு ஓங்கிய மாடம் ஓராற்றான் நன்றேயாம். வேலை நாடி நகர் வருவார்க்கெல்லாம் வீடு வேண்டும். அவரை இடமில்லை என விலக்குதல் அறமாகாது.

அற்றேல், வானம் வரையும் கட்டுக எனலாமோ? வானத்திற்கும் வரம்புண்டு. மீனம்பாக்கத்தில் விமான நிலையமும், தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் உள. உலக வழக்கின்படி, பெரிய ஓடுபாதையைச் சூழ 4 கிலோமீட்டர் வரை 45 மீட்டருக்கு மேல் தடை எழலாகாது. அதற்கப்பால் 20 மீட்டர் தொலைவுக்கு ஒரு மீட்டர் வீதம் அவ்வரம்பு சரிவாக ஏறும். விமானம் இறங்கும் நேர்வழியில் வரம்பு இன்னும் கடிது. எனினும் ஓடுபாதையினின்று தொலைவு கூடுந்தோறும் வானம் இளகுகின்றது. தாம்பரத்தை அடுத்த ஊர்களை வானம் அடக்குவது போலக் கூடுவாஞ்சேரியை அடக்கவில்லை. இவ்வூர்க்கு உரிய மெய்யான வரம்பு மேலே இல்லை, கீழே உளது என்பதே யான் வற்புறுத்த விழைவது.

கீழே உள்ளவற்றுள் முதலது நீர். கூடுவாஞ்சேரியை அடுத்த ஆதனூர் ஏரி முதலியவற்றின் மிகுநீரே அடையாற்றின் தலைநீர். ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே நீர் வெளியேறும். வெளியேறிய நீர் கால்வாயைத் தேடும். கால்வாய் மனையாயின் வீட்டைத் தேடும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் மக்கள் வீட்டுக்கூரைமேல் நின்றதற்குக் காரணம் இஃதே. நான்கே ஆண்டில், 2019 கோடையில், சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன; சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மிகினும் கெடுதி, குறையினும் கெடுதி. ஒரு மாடத்தில் 200 வீடுகள், வீட்டுக்கு நால்வர் எனக் கொள்வோம். ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. ஆக 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரி ஒன்பது. ஆழ்துளைக் கிணறு வற்றிய நாளில் அவ்வொன்பது லாரியும் எவ்வூர் வயற்கிணற்றிலிருந்து வரும்? பயன்பட்ட நீர் எவ்வழி போகும்? வாங்கிய வீட்டில் வாழ்நாள் முழுதும் இருக்கப் போகின்றவர் கேட்க வேண்டிய முதல் வினாக்கள் இவை.

இரண்டாவது தெரு. விதிகளும் சாலை அகலத்திற்கேற்பவே குறியீட்டை வகுத்துள்ளன. அகன்ற சாலையில் எழும் உயர்மாடம் 3.25 வரை பெறலாம். கட்டணம் செலுத்தின் அதற்கு மேலும் ஒரு பங்கு உண்டு. குறியீட்டைப் பணத்தால் வாங்கலாம். தெருவின் அகலத்தையும் ஏரியின் நீரையும் பணத்தால் வாங்கல் இயலாது. சாலையின் முகப்பு அகன்றிருப்பினும், அதனின்று பிரியும் சந்துகள் மாட்டுவண்டிக்கு வகுத்தனவாய் நிற்கின், மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் எங்ஙனம் பொருந்தும்?

மூன்றாவது மண். 2014 ஜூன் 28ஆம் நாள் மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 61 பேர் மாண்டனர். மாண்டவருட் பலர் கூலிக்கு வந்த தொழிலாளர். வீடு அவருடையதன்று, உயிர் அவருடையது. மண்ணின் உறுதியை ஆராயாது எழுப்பும் ஒவ்வோர் அடுக்கும் இத்தகையோர் தலைமேல் நிற்கின்றது என்பதனை மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் விதிநூல் அறியாமல் இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிற் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளியாக ஒப்படைத்தல் வேண்டும். மழைநீர் சேமிப்பு 2003ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். குறை விதியிலன்று, கைக்கொள்ளுதலில் உளது. தியாகராய நகரை நோக்குக. 1920களில் நெடிய மாம்பலம் ஏரியைத் தூர்த்து, பூங்காவும் அகன்ற தெருவும் அமைத்து, முறையாக வகுத்த நகர் அது. பிற்காலத்தில் வரம்பு கடந்த கடைகள் அங்கு நெருங்கின. 2017 மே 31இல் ஏழு மாடிக் கடையொன்று தீக்கிரையானபொழுது, அண்டையில் வாழ்வார் வீடு துறந்து வெளியேற நேர்ந்தது. விதி மீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்று ஒப்புதல் அளிக்க, 1998ஆம் ஆண்டில் நகர் ஊரமைப்புச் சட்டத்திலே 113-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கட்டியபின் மன்னிப்பு உண்டு என அறிந்தவன் கட்டுமுன் அஞ்சான். சென்னை அவ்வாறு கற்ற பாடத்தைக் கூடுவாஞ்சேரி மீண்டும் பொருள் கொடுத்துக் கற்க வேண்டுவதில்லை.

ஆதலின் செய்யத்தக்கது யாது? ஏரி, கலங்கல், கால்வாய் இவற்றின் எல்லையை முதலில் வரைபடத்திற் குறித்துக் கல் நட்டுக் காக்க. குழாயும் வடிகாலும் சென்ற தெருக்களிலே உயர்மாடங்களை வரவேற்க. செல்லாத தெருக்களில் அவை செல்லும்வரை பொறுக்க. ஒவ்வொரு கட்டடத்தின் வாயிலிலும் ஒப்புதல் பெற்ற உயரத்தையும் தளங்களையும் எல்லாரும் காணத் தமிழில் எழுதி வைக்க. எழுதியதற்கு மேல் ஒரு தளம் எழுந்தால், அது முடியுமுன் நிறுத்துக.

நம் கல்லூரி 1937ஆம் ஆண்டில் நகரத்து நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுவெளியை நாடி வந்தது. அன்று நாடி வந்த வெளி இன்று நாற்புறமும் நகராகிவிட்டது. நம்முள் பலர் நாளை இப்பகுதியிலேயே வீடு வாங்குவர். சிலர் பொறியாளராகவும் அலுவலராகவும் ஒப்புதல் ஓலையிற் கையெழுத்திடுவர். வாங்குவோர் விலையை மட்டும் வினவாது, நீர் எங்கிருந்து வரும், எவ்வழி போகும் என வினவுக. கையெழுத்திடுவோர், எழுதுகோலை எடுக்குமுன் ஒருமுறை அவ்விடத்துக்குச் சென்று, மழைக்காலத்தில் நின்று பார்க்க.